சோயாவுக்கு அடித்த மருந்து வேலிக்குப் போன விபரம்

சரவணை மேற்கு,
1978, கார்த்திகை கடைசிக் கிழமை.

எனது மனைவியின் ஒரே தம்பியும், வவுனியாவில் விவசாயப் பகுதியில் உத்தியோகம் பார்ப்பவரும், எங்கள் குடும்பத்துக்கு இதுவரை நேர்ந்த நன்மைகளுக்கும் இந்த ஒருமுறை நேர்ந்த மற்றவற்றுக்கும் காரணருமாகிய மைத்துனர் தியாகேசன் அவர்களுக்கு, அத்தான் மார்க்கண்டு எழுதிக்கொள்வது.

இங்கு நான், உமது அக்கா, பசுமாடு ஆகிய மூவரும் பிள்ளையார் கிருபையால் சுகம். வேலி மாத்திரம் சுகமில்லை. அங்கு நீரும் லலிதாம்பிகையும் பிள்ளைகளும் தேக ஆரோக்கியத்தோடு இருக்கவும், உங்கள் வேலி இலைகளோடு இருக்கவும் வேண்டுகிறேன். நீர் ஆள் மூலம் அனுப்பிய சோயா விதைப் பையும், இரண்டு போத்தல் களைமருந்தும், அவற்றை எப்படிக் கலப்பது என்று எழுதிய தாளும் புரட்டாதி மாதமே பழுதின்றி வந்து சேர்ந்தன. அப்பொழுதே நன்றி சொல்லி எழுதவில்லை என்று நீர் குறை நினைத்திருக்கலாம். முளைத்த பிறகு ஒன்றாக எழுதலாம் என்று இருந்துவிட்டேன். என்னென்ன முளைத்தன என்பதை இப்பொழுது எழுதுகிறேன். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு ஆறுதலாக வாசிக்கவும்.

ரயில் பகுதியில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து இளைப்பாறிய எனக்கு, புல் என்பது தண்டவாளத்தின் இரு பக்கமும் நிற்கிற ஒன்று என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இதை நான் மறைத்தவனல்ல. கோயில் திருவிழாவுக்கு நீர் வந்திருந்தபோது, வளவின் பின்பக்கத் துண்டில் கோரையும் அறுகும் குப்பைமேனியும் நாயுருவியும் இடுப்பளவுக்கு நின்றதைப் பார்த்து, இந்த மண்ணுக்குச் சோயா நன்றாக வரும், அதிலிருந்து பால் எடுக்கலாம், மா இடிக்கலாம், இறைச்சி மாதிரிக் கறியும் வைக்கலாம் என்று நீர் சொல்லச் சொல்ல, உமது அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. “மண்வெட்டி குசினிக்குப் பின்னாலை கிடக்கு” என்றா. நான் எனது இடுப்பைத் தடவினேன். நீர் சிரித்துக்கொண்டு, “மண்வெட்டிக் காலம் போயிட்டுது அத்தான். ரண்டு மருந்தைக் கலந்து ஒருக்கா அடிச்சால் நிலம் துடைச்சு வைச்ச மாதிரிக் கிடக்கும். பேந்து நீங்கள் விதையைப் போடுறதுதான் வேலை” என்றீர். இந்த வார்த்தைகளை நீர் மறந்திருந்தால் உமது அக்கா ஞாபகப்படுத்தத் தயாராக இருக்கிறா.

நீர் எழுதிய தாளை நான் பல தடவை வாசித்தேன். முதற் போத்தல் பச்சையாய்க் கண்டதையெல்லாம் மேலால் கருக்கும், வேரைத் தொடாது. இரண்டாவது போத்தல் அகன்ற இலைச் செடிகளுக்குள் இறங்கி வேர்வரை போகும், புல்லை ஒன்றும் செய்யாது. தனித்தனியே அடித்தால் ஒன்று விட்டதை மற்றது பிடிப்பதற்குள் நிலம் பழையபடி ஆகிவிடும், கலந்து அடித்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். தெளிந்த தண்ணீர் வேண்டும். காற்று ஓய்ந்த நேரம் வேண்டும். முகத்தைத் துணியால் கட்டவேண்டும். சோயாவும் அகன்ற இலைப் பயிரானபடியால், இரண்டாவது மருந்தின் உக்கிரம் மண்ணிலே தணியும்வரை பொறுத்துத்தான் விதைக்க வேண்டும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ரயில் பகுதியில் இதைவிட நீளமான சுற்றறிக்கைகள் எல்லாம் மனப்பாடமாய் இருந்தன. ஆனால் அங்கே ரயில் சொன்னபடி நின்றது.

முதல் தடங்கல் தண்ணீரில் வந்தது. “என்ரை கிணத்தடிக்கு உந்த நஞ்சைக் கொண்டு வரப்படாது. ஒரு வாளி தண்ணியும் தரமாட்டன்” என்று உமது அக்கா துலாவைப் பிடித்துக்கொண்டு நின்றா. ஆகவே கோயிற் குளத்துத் தண்ணீரை வண்டியில் எடுப்பித்தேன். நிறம் பால்விட்ட தேத்தண்ணி மாதிரி இருந்தது உண்மை. தெளிந்த தண்ணீர் என்று நீர் எழுதியதை நான், மீன் இல்லாத தண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் இரவல் வாங்கிய மருந்தடிக்கிற மெசினை முதுகில் மாட்டி, எனது பழைய ரயில்வே மழைக்கோட்டைப் போட்டு, தொப்பியும் வைத்து, துவாயால் முகத்தைக் கட்டிக்கொண்டு துண்டு முழுவதும் அடித்தேன். நாலாம் நாள் போய்ப் பார்த்தால், களைகள் எல்லாம் வெள்ளிக்கிழமை முழுகிப் பொட்டு வைத்த பெண்பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. மருந்து முழுவதையும் அந்தக் குளத்துச் சேறு குடித்துவிட்டது என்று, நான் கேட்டு எழுதிய இரண்டு வரிக்கு நீர் தபாலட்டையில் பதில் போட்ட பிறகுதான் அறிந்தேன்.

இந்த இடத்தில் அப்புத்துரையைப் பற்றி எழுதவேண்டும். உமக்குத் தெரிந்த கதைதான். என்றாலும் முறைப்படி சொல்லாவிட்டால் எனது நிலைமை விளங்காது. பக்கத்து வளவு அப்புத்துரை, உமது பெரியப்பாவின் மகள் அன்னபூரணத்தின் புருஷன், முறைக்கு எனக்குச் சகலன். இரண்டு வளவுக்கும் இடையில் உள்ள கிளுவை வேலியில் ஒரு கதியால் தடி அந்தப் பக்கம் தள்ளி நட்டதா இந்தப் பக்கம் தள்ளி நட்டதா என்று வாய்த்தர்க்கம் தொடங்கி, வேலியே ஆருடையது என்று வழக்காகி, ஆறேழு வருடமாகக் கோட்டில் கிடக்கிறது. அன்று தொடக்கம் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆனால் அப்புத்துரைக்கு என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கவும் ஏலாது. அதற்காக அவர் கண்டுபிடித்த வழி, தனது சிவப்பிப் பசுவுக்குச் சொல்லுவது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்குக் கேட்கக்கூடிய சத்தத்தில், மாட்டோடு கதைப்பார்.

நான் வாடாத களைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அந்தக் குரல் வந்தது. “எடியே சிவப்பி, பாத்தியே? பக்கத்து வளவிலை பூங்கண்டுக்குத் தண்ணி விடுகினம். கோட்டுப் போட்டு, தொப்பி வைச்சு விடுகினம். கொஞ்சம் தள்ளி நில்லடி, ரயில் வரப்போகுது போலை கிடக்கு.” பதிலுக்கு நானும் எங்கள் மாட்டைக் கூப்பிட்டிருப்பேன். அது அந்த நேரம் வெளியில் மேய்ந்துகொண்டு நின்றது. ஆகவே வேலியில் இருந்த காகத்தைப் பார்த்து, “விஞ்ஞானம் எண்டால் என்னெண்டு தெரியாத ஆக்களுக்கு ஒண்டும் சொல்லி வேலையில்லை” என்றேன். காகம் பறந்துவிட்டது. வேலிக்கு அங்கால் சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்புத்தான், தியாகேசன், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம். நீர் என்னைக் குறை சொல்லமுடியாது.

அடுத்த முறை நான் ஒரு பிழையும் விடவில்லை. உமது அக்காவைக் கெஞ்சி, கிணற்றுத் தண்ணீர் வாங்கி, அதைக் கிணற்றுக்குக் கண்காணாத மூலையில் வைத்துக் கலந்தேன். மருந்து இலையில் ஒட்டி நிற்கவேண்டும் என்று நீர் எழுதியிருந்தபடியால், உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமும் கொஞ்சம் சீவிப் போட்டேன். சோளகக் காற்று ஓய்ந்து வாடைக் காற்று இன்னும் பிடிக்காத காலம், காலையில் ஒரு இலை ஆடவில்லை. நடுத்துண்டு முடிந்து வேலியோரத்துக்கு வந்தபோது அந்தப் பக்கம் சிவப்பியின் மணி கேட்டது. மாடு நின்றால் அப்புத்துரையும் நிற்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே மெசினின் கையை நன்றாக அடித்து, குழாயையும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன், தூவல் எவ்வளவு பூப்போல வருகிறது என்று அங்கிருந்து பார்க்கிற ஒருவருக்குத் தெரியட்டும் என்று. அப்பொழுது உமது அக்கா குசினி வாசலில் நின்று கத்தினா. “இஞ்சாருங்கோ, காத்து மாறுது. நிப்பாட்டுங்கோ!” நான் சொன்னேன், “இன்னும் ஒரு நிரைதான்.” இந்த ஒரு வசனத்தை நான் பேசாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதம் ஒரு தபாலட்டையில் முடிந்திருக்கும்.

இரண்டு நாளில் களைகள் கருகின. குப்பைமேனி தலை தொங்கியது, நாயுருவி முறுகியது, அறுகுகூட வைக்கல் நிறமாய்ப் போயிற்று. ஒழுங்கையால் போகிற ஆட்கள் எட்டிப் பார்த்து, “மாஸ்டர், இதென்ன மந்திரம்?” என்று கேட்டார்கள். நான் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்று, விளக்கம் சொல்லிக் கொடுத்தேன். எனது உத்தியோக காலம் முழுவதிலும் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. மூன்று நாலு நாள் அந்தச் சந்தோஷத்தில் நான் வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

பார்த்தபோது கிளுவை இலைகள் ஓரமெல்லாம் கருகி நின்றன. இடையில் நின்ற பூவரசுகளின் இலைகள் சுருட்டுப் போலச் சுருண்டிருந்தன. அடுத்த நாள் விழத் தொடங்கின. காற்று அடிக்க அடிக்க விழுந்தன. ஒரு நாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து நிமிர்கிறேன், பல் தீட்டிக்கொண்டு அப்புத்துரை என்னைப் பார்க்கிறார். இடையில் வெறும் தடிகள். இத்தனை வருடமும் அவருடைய குரலைத்தான் கேட்டிருக்கிறேன், கோட்டில் கண்டாலும் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவோம். அவருக்கு அவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் எனது வழுக்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார் என்று நினைக்கிறேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டோம்.

ஓலை கட்டி மறைத்திருக்கலாமே என்று நீர் கேட்பீர். எப்படிக் கட்டுவது? நான் கட்டினால், மற்றவருடைய வேலியில் கைவைத்தான் என்று அவர் கோட்டில் சொல்லுவார். அவர் கட்டினால், எனது வேலியைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று நான் சொல்லவேண்டும். ஆகவே இரண்டு வீடும் பகிரங்கமாயின. உமது அக்கா கிணற்றடியில் சாக்குக் கட்டிவிட்டுத்தான் குளிக்கவேண்டியிருந்தது. நான் சாறத்தோடு மட்டும் முற்றத்தில் நடக்கமுடியவில்லை, ஒரு சேட்டும் போடவேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன நாள் தொடக்கம் உமது அக்கா இனிப்பை வீட்டில் ஒளித்து வைக்கிறா. ஒரு மனிதன் வைக்கல் போருக்குப் பின்னால் நின்று, தானே வாங்கிய சிறிய பனங்கட்டித் துண்டு ஒன்றை, ஒருவருக்கும் தீங்கில்லாமல் வாயில் போட்டால், அது உலகத்துக்கு என்ன நட்டம்? ஆனால் வைக்கல் போர் மறைப்பது எங்கள் வீட்டுப் பக்கத்தை மட்டும். வேலிப் பக்கம் திறந்து கிடந்தது.

“எடி சிவப்பி, சீனி வருத்தக்காரர் வைக்கலுக்குப் பின்னாலை நிண்டு என்னத்தைச் சப்புகினம்? டொக்டர் குடுத்த குளிசையோ? குளிசை எண்டால் ஏன் விரலை நக்குகினம்?”

குசினியில் சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு உமது அக்காவின் காலடிச் சத்தம் கேட்டது. “இஞ்சாருங்கோ, வாயைத் திறவுங்கோ” என்றா. அறுபது வயது தாண்டிய, அரசாங்கப் பென்சன் எடுக்கிற மனிதனாகிய நான், பக்கத்து வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு மாடும் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்து காட்டினேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

அப்புத்துரையைப் பதிலுக்குப் பிடிக்கவேண்டும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிக நேரம் செல்லவில்லை. ஊர் முழுக்க வெருட்டித் திரிகிற, மீசை முறுக்குகிற அந்த அப்புத்துரை, தங்கள் குசினி வாசலில் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுகிறார்! அடுத்த நாள் பார்த்தால் அரிசி களைகிறார். அதற்கடுத்த நாள் சேலை தோய்த்துக் கொடியில் போடுகிறார். எனக்கு வந்த ஆனந்தத்தை என்ன சொல்ல! இதைச் சொல்லுவதற்குத் தகுந்த காகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். தனது வேலியை நான் நஞ்சடித்துக் கொன்றுவிட்டேன் என்று கிராமசேவகர் தம்பிஐயாவிடம் முறைப்பாடு செய்துவிட்டார்.

தம்பிஐயா வந்தார். நாங்கள் இன்னும் விதானையார் என்றுதான் அவரைச் சொல்லுகிறோம். எந்த வளவுக்குள் இருந்தாலும் பக்கச்சார்பு என்று மற்றவர் சொல்லுவார் என்று பயந்து, வேலி வந்து முடிகிற இடத்தில், ஒழுங்கையில் கதிரை போடுவித்து இருந்தார். ஒரு பக்கம் நான், மறு பக்கம் அப்புத்துரை.

“ஆருடைய வேலி?” என்று கேட்டார்.

“என்ரை வேலி. அதைத்தான் நஞ்சடிச்சுக் கொண்டுபோட்டார்” என்றார் அப்புத்துரை.

“என்ரை வேலி. நான் அடிச்சது என்ரை காணிக்கு. விழுந்தது என்ரை இலை. இதிலை இவருக்கென்ன கதை?” என்றேன் நான்.

தம்பிஐயா தடிகளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். “அப்ப சரி. பொம்பிளையள் புழங்கிற வளவு, இப்பிடித் திறந்து கிடக்க ஏலாது. ஆருடைய வேலியோ அவர் இந்தக் கிழமைக்குள்ளை முழுக்க ஓலை கட்டி அடைக்கவேணும். கட்டாட்டில் நான் மேலிடத்துக்கு எழுதுவன். சொல்லுங்கோ, ஆருடைய வேலி?”

தியாகேசன், அந்த வேலியின் நீளம் உமக்குத் தெரியும். ஓலை விற்கிற விலையும் தெரியும். அப்புத்துரை வானத்தைப் பார்த்தார். நான் ஒழுங்கையைப் பார்த்தேன். பிறகு அவர், “ஒரு கணக்குக்குப் பாத்தால் மாஸ்டரின்ரை பக்கந்தான் கதியால் கூடச் சாஞ்சு கிடக்கு” என்றார். நானும், “அவர் மூத்தவர், வேலியும் அவரின்ரை காலத்து வேலி” என்றேன். ஆறேழு வருடம் தொண்டை கிழியக் கத்தியவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வேலியைத் தானம் செய்துகொண்டு நின்றோம்.

இந்த நேரத்தில்தான், விதானையாருக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும் என்று இரண்டு வீட்டுக் குசினியிலும் ஒரே எண்ணம் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து உமது அக்கா கோப்பையோடு வந்தா. அந்தப் பக்கத்திலிருந்து அன்னபூரணம் வந்தா. வேலியடியில் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அன்னபூரணம் கோப்பையை இடக் கையில் பிடித்திருந்தா. கோப்பை நடுங்கித் தேத்தண்ணி சிந்திக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் மூடியிருந்த வலக் கை கொஞ்சம் வெளியே தெரிந்தது. முழங்கையிலிருந்து விரல்வரை பத்துப் போட்டு, துணி சுற்றி, தடி வைத்துக் கட்டியிருந்தது.

உமது அக்கா அதைப் பார்த்தா. தனது கோப்பையை நிலத்தில் வைத்தா.

“அக்கா, கையிலை என்ன?”

அன்னபூரணம் சொன்னா, “விழுந்திட்டன். கிணத்தடியிலை பாசி. எலும்பு முறிஞ்சுபோச்சு.”

“எப்ப?”

“ஆவணியிலை.”

“ஆவணியிலையோ? ரண்டு மாதமாய்ப் பக்கத்து வளவிலை கிடக்கிறன். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?”

அன்னபூரணம் தனது காலைப் பார்த்துக்கொண்டு, மெதுவாய், “இடையிலை வேலி கிடந்ததல்லே” என்றா.

எனக்கு அந்தத் திருவலையும், அரிசிப் பானையும், கொடியில் கிடந்த சேலையும் அப்பொழுதுதான் விளங்கின. நான் காகம் தேடியதை நினைக்க ஒரு மாதிரி இருந்தது. அதைப் பற்றி உமது அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, நீரும் எழுதவேண்டாம். உமது அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. காய்ந்த இரண்டு கிளுவைத் தடிகளைப் பிடித்து விலத்தினா. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும்போது இடிபட்டுப் போகிறமாதிரித் தோளைக் கொடுத்து, சேலை கிழியக் கிழிய அந்தப் பக்கம் போய்விட்டா. போய், கோப்பையை வாங்கி அப்புத்துரையின் கையில் கொடுத்துவிட்டு, அன்னபூரணத்தைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போனா. உள்ளேயிருந்து இரண்டு பேரும் அழுகிற சத்தமும், அதோடு சேர்ந்து, “உதென்ன அடுப்படி, ஆம்பிளை புழங்கின அடுப்படி மாதிரிக் கிடக்கு” என்று உமது அக்கா பேசுகிற சத்தமும் வந்தது.

விதானையார் தம்பிஐயா இரண்டு தேத்தண்ணியையும் குடித்தார். “அப்ப ஆருடைய வேலியெண்டு எழுத?” என்று ஒரு தரம் கேட்டார். நாங்கள் இருவரும் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். கதிரையைத் தானே தூக்கி உள்ளே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று தொடக்கம் எனது சோறும் அந்த இடைவெளியால்தான் வருகிறது. உமது அக்கா அங்கே சமைத்து, எனக்கு இங்கே கொண்டு வருகிறா. இரண்டு நாள் கழித்து அப்புத்துரை அந்த வழியால் தலையை நீட்டி, மாட்டைக் கூப்பிடாமல் நேரே என்னைப் பார்த்து, “மாஸ்டர், புகையிலை கிடக்கு, வேணுமோ?” என்று கேட்டார். நான் புகைப்பதில்லை. ஆனாலும் ஓம் என்றேன்.

இனிச் சோயாவுக்கு வருகிறேன். ஐப்பசி நடுவில் நல்ல மழை ஒன்று விழுந்தது. மருந்தடித்து நீர் சொன்ன தவணை இன்னும் முடியவில்லை. “ஈரம் இப்பிடிக் கிடக்க ஆர் பாத்துக்கொண்டு நிப்பான், போடுங்கோ மாஸ்டர்” என்றார் அப்புத்துரை. அவரோடு சமாதானமான புதிது, மறுத்தால் முறிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அரைப்பங்கு விதையை இருவரும் சேர்ந்து போட்டோம். முளைத்தது. முளைத்த ஒவ்வொன்றும் கழுத்துச் சுளுக்கிய மாதிரி ஒரு பக்கம் திருகி, இலை கோணி, மண்ணை மணந்து பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கிழமையில் எல்லாம் போயிற்று. ஆனால் நிலம் வெறுமையாகக் கிடந்தது என்று நினைக்கவேண்டாம். கோரை வந்தது. மேலால் கருகினாலும் கீழே கிழங்கு இருந்திருக்கிறது. போட்டிக்கு ஒரு களையும் இல்லாத சுத்தமான நிலத்தில், நல்ல மழைக்கு, கோரை என்ன வடிவாய் வந்தது என்கிறீர்! மருந்து அடித்துக் கோரை செய்தவன் என்று ஒழுங்கையால் போனவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள்.

கடைசியில் உமது அக்கா குசினிக்குப் பின்னால் கிடந்த மண்வெட்டியை என்னிடமும், அவர்கள் வீட்டு மண்வெட்டியை அப்புத்துரையிடமும் கொடுத்தா. நாங்கள் கொத்த, அவ கிழங்கு கிழங்காய்ப் பொறுக்கினா. அன்னபூரணம் வேலியடியில் கதிரையில் இருந்து, நாங்கள் விட்டுவிட்டதையெல்லாம் நல்ல கையால் காட்டினா. எனது இடுப்பு அப்படியொன்றும் முறியவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ளுகிறேன். மீதி விதையைப் போட்டோம். இப்பொழுது நேர் நேராய், இரண்டு இலை விட்டு, யாரையும் குறை சொல்லமுடியாத மாதிரி நிற்கிறது.

ஆகவே மைத்துனர் அவர்களே, எங்கள் தீர்மானங்களைக் கவனமாக வாசிக்கவும். இனி எந்தக் காலத்திலும், எந்தப் போத்தலிலும், தனியாகவோ கலந்தோ, இந்த வளவுக்குக் களைமருந்து வரக்கூடாது. மிச்சம் இருந்ததை நீர் தபாலட்டையில் சொன்னபடி கிணற்றுக்கும் மாட்டுக்கும் தூரத்தில் ஆழமாய்ப் புதைத்தாயிற்று. உமது உத்தியோகத்தில் யாராவது உம்மிடம் இதைப் பற்றிக் கேட்டால், சரவணையில் பரீட்சித்துப் பார்த்ததில் மண்வெட்டியே சிறந்தது என்று அறிக்கை எழுதவும். வேலி வழக்கைக் கைவிடுவதென்று நானும் அப்புத்துரையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு எங்களுக்கு வழக்குப் பேசுகிற பிரக்கிராசிமாருக்கு அனுப்பிவிட்டோம். வேலியையே எடுத்துவிடலாம் என்றும் பேசியிருக்கிறோம். மனிதருக்கு இடையில் இலை இருக்கிறபடியால்தான் இவ்வளவு பொல்லாப்பு என்று எனக்கு இந்த வயதில் விளங்கியிருக்கிறது.

லலிதாம்பிகைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரதும், அன்னபூரணம், அப்புத்துரை இருவரதும் ஆசிகள். பிள்ளைகள் மழையில் நனையாமல் படிக்கட்டும். நீர் பதவி உயர்ந்து, காகிதங்களை மாத்திரம் பார்க்கிற பெரிய கதிரைக்குப் போய், மருந்துப் போத்தல்களைத் தொடத் தேவையில்லாத நிலைக்கு வரவேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறோம்.

இங்ஙனம்,
உமது நலத்தையும் உமது மருந்தின் தூரத்தையும் என்றும் விரும்பும் அத்தான்,
வே. மார்க்கண்டு.

பி.கு.: இதை எழுதி உறையில் போட்ட அன்று பிடித்த மழை பத்து நாளாய் விடவில்லை, தபாற்கந்தோருக்குப் போக ஏலாமற் போயிற்று. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. பிரக்கிராசிமார் இருவரும் பதில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த தவணை வைகாசியில்தான், அதுவரை வழக்கில் உள்ள வேலியில் இரு பகுதியாரும் கத்தி வைக்கவோ கதியால் பிடுங்கவோ கூடாதாம், மீறினால் கோட்டை அவமதித்த குற்றமாம். இந்த மழைக்கு வேலி தளிர்த்து, கிளுவையும் பூவரசும் முன்னையிலும் அடர்த்தியாய் மூடிவிட்டது. உமது அக்கா போய் வந்த இடைவெளி அடைபட்டு, இப்பொழுது கறிச்சட்டியோடு ஒழுங்கையால் சுற்றி நனைந்துகொண்டு போகிறா, எனது சோறு ஆறித்தான் வருகிறது. அன்னபூரணம் கதிரையைப் போட்டுக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருக்கிறாவாம். நேற்று அப்புத்துரை என்னைக் காணாமல் மறுபடியும் சிவப்பியோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் நாலு பேரும் நேற்று ஒழுங்கையில் குடை பிடித்துக்கொண்டு கூடி யோசித்தோம். கத்தி வைக்கக்கூடாது என்றுதான் பிரக்கிராசிமார் எழுதியிருக்கிறார்கள், காற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆகவே மேலே மருந்து சம்பந்தமாக எழுதிய பகுதியை வாசிக்காதது மாதிரி விட்டுவிட்டு, அதே இரண்டு போத்தல்களிலும் ஒவ்வொன்று உடனே ஆள் மூலம் அனுப்பவும். சோயாவுக்குச் சாக்கு மூடிவிடுவோம். கிணற்றுத் தண்ணீர் தர உமது அக்கா தானே முன்வந்திருக்கிறா, சவர்க்காரமும் சீவி வைத்திருக்கிறா. காற்று தன் வளவுப் பக்கம் திரும்பியவுடன் கூப்பிடுகிறேன் என்று அப்புத்துரை சொல்லியிருக்கிறார்.